அரசுப் பள்ளிக்கு அறிவியல் பொருட்கள் வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு உண்மையில் பயன்படுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. எட்டாம் வகுப்பு வரை படித்த ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளிக்கு உங்கள் செட் நண்பர்கள் சேர்ந்து 60,000 ரூபாய் திரட்டியிருக்கிறீர்கள். அதில் அறிவியல் பாடத்துக்கு என்ன வாங்கித் தரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனசு கடைசி வரியில்தான் இருக்கிறது: "கொடுத்தது பிள்ளைகள் கைக்குப் போகுமா, பீரோவுக்குப் போகுமா?" அந்த வரிக்குத்தான் பதில் எழுதுகிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் எதை வாங்குவது என்பது தானாகவே தெளிந்துவிடும். நான் 26 வருஷம் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள். அதில் 7 வருஷம் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர் வேலை, பள்ளி பள்ளியாகப் போய்ப் பார்க்கும் வேலை. 6, 7, 8 வகுப்புகளைப் பற்றித்தான் என்னால் உறுதியாகப் பேச முடியும். மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தின் தேவைகள் வேறு. அதை அங்கே பாடம் நடத்துகிறவர்களிடம் கேளுங்கள்.

பீரோ பயம் நியாயமானதுதான். பயிற்றுநராக இருந்தபோது ஒரு பள்ளிக்குப் போனேன். ஒரு நன்கொடையாளர் நாலு வருஷத்துக்கு முன் கொடுத்த அறிவியல் பெட்டி அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டு, பார்க்கலாமா என்று கேட்டேன். பீரோவின் மேல்தட்டிலிருந்து இறக்கினார்கள். உள்ளே பிளாஸ்டிக் உறைகளில் பாதி பிரிக்கப்படவே இல்லை. பேட்டரிகள் கசிந்து, வெள்ளைப் பொடி பூத்து, பக்கத்தில் இருந்த செம்புக் கம்பியைப் பச்சையாக அரித்திருந்தது. ரப்பர் குழாய் விரலால் வளைத்ததும் ஒடிந்தது. லென்ஸ்கள் மட்டும் நன்றாக இருந்தன. ஐந்தையும் துடைத்து அன்றே ஆறாம் வகுப்பில் கொடுத்தோம்.

அந்தப் பள்ளி ஆசிரியர் சோம்பேறி இல்லை. நல்ல மனிதர், பாடமும் நன்றாக நடத்துவார். பெட்டியை அவர் பூட்டி வைத்ததற்குக் காரணம் இருப்புப் பதிவேடு. பள்ளிக்கு வருகிற பொருள் எதுவும் பதிவேட்டில் ஏறும். மாறுதலிலோ ஓய்விலோ போகும்போது அதைப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணி அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு கண்ணாடிக் குடுவை குறைந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர். விலை கூடிய பொருள் என்றால் பயமும் கூடும். நாற்பது பிள்ளைகள் கைமாற்றித் தொட்டால் ஏதாவது ஒன்று உடையத்தான் செய்யும். அதனால் "நான் செய்து காட்டுகிறேன், நீங்கள் பாருங்கள்" என்பதோடு வகுப்பு முடிந்துவிடும். கொஞ்ச நாளில் அதுவும் நின்றுவிடும். நன்கொடையாளர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: உடையலாம், தீரலாம், தொலையலாம் என்று மனசார விட்டுக்கொடுக்கக்கூடிய பொருளை வாங்கிக் கொடுங்கள். ஆசிரியர் காவல் காக்க வேண்டிய பொருளைக் கொடுத்தால், வேலைக்கு மேல் ஒரு காவல் வேலையையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்.

கை நிறையப் பொருள் இருந்தால் வகுப்பில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். ஆறாம் வகுப்பு இரண்டாம் பருவத்தில் மின்னியல் வரும். பல வருஷம் நான் ஒரே ஒரு பலகையில் பேட்டரி, சுவிட்ச், ஹோல்டரில் மாட்டிய பல்பு எல்லாம் இணைத்து வைத்து, எரிய வைத்துக் காட்டிவிட்டு, கரும்பலகையில் படம் வரைவேன். பிள்ளைகளும் அழகாக வரைவார்கள். தேர்வில் மார்க் வாங்குவார்கள். ஒரு வருஷம் ஊர்க்காரர் ஒருவர், டவுனில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர், பழைய சரக்கில் கிடந்த டார்ச் பல்புகளை ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கொடுத்தார். நூற்றுக்கும் மேல் இருக்கும். சாதாரண பெரிய பேட்டரி இருபது நான் வாங்கினேன். இரண்டு பேருக்கு ஒரு பல்பு, ஒரு பேட்டரி, ஒரே ஒரு கம்பித் துண்டு. "எரிய வையுங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

பத்து நிமிஷம் ஒரு பல்பும் எரியவில்லை. தேர்வில் சுற்றுப் படத்தைப் பிழையில்லாமல் வரையக்கூடிய பிள்ளைகள் அவர்கள். பெரும்பாலானவர்கள் பல்பின் அடிமுனையில் கம்பியின் ஒரு நுனியை வைத்து, மறு நுனியைப் பேட்டரியின் தலையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். குழாயிலிருந்து தண்ணீர் வருவதுபோல மின்சாரம் வந்து பல்பில் சேரும் என்பது அவர்கள் எண்ணம். வருஷக்கணக்கில் படம் வரைய வைத்தும் அந்த எண்ணத்தை நான் தொடவே இல்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் பல்பைப் பேட்டரியின் தலைமேல் நிறுத்தி, கம்பியை அடியிலிருந்து மேலே கொண்டுவந்து, பல்பின் பித்தளைப் பக்கத்தில் தற்செயலாகத் தொட்டாள். மங்கலாக மஞ்சள் வெளிச்சம் வந்தது. கை எடுத்தாள், அணைந்தது. மறுபடி அடிமுனையில் தொட்டாள், இல்லை. பக்கத்தில் தொட்டாள், வந்தது. "டீச்சர், இதுக்கு ரெண்டு வாய் இருக்கு" என்றாள். பல்புக்கு இரண்டு தொடுமுனை உண்டு என்பதை இதைவிடச் சரியாக நானும் சொன்னதில்லை, பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை.

பெட்டியில் பியூஸ் போன பல்புகளும் இருந்தன. ஒன்றைத் துணியில் சுற்றி நான் உடைத்துக் கொடுத்தேன். கண்ணாடித் துண்டுகளை அகற்றிவிட்டு, இழையைத் தாங்கும் இரண்டு கால்களில் ஒன்று அடிமுனைக்கும் மற்றொன்று பித்தளைப் பக்கத்துக்கும் போவதை லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். ஏன் பக்கத்தில் தொட்டால்தான் எரிந்தது என்று அப்போது எல்லோருக்கும் விளங்கியது. ஒரே பல்புதான் இருந்திருந்தால் அதை உடைத்திருப்பேனா? மாட்டேன். நூறு இருந்ததால்தான் உடைக்க மனசு வந்தது. நன்கொடைப் பொருள் ஒரு வகுப்புக்குச் செய்யும் பெரிய உதவி, தப்பாகச் செய்து பார்க்கவும் கெடுத்துப் பார்க்கவும் கிடைக்கிற இந்தத் தாராளம்தான் என்று நான் நம்புகிறேன்.

மைக்ரோஸ்கோப்பைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பாடவேளை 40 நிமிஷம், வகுப்பில் 40 பிள்ளைகள், கருவி ஒன்று. ஆளுக்கு ஒரு நிமிஷம். முதல் தடவை குனிந்து பார்க்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் தெரிவது தன் இமை முடியும் ஒரு வெளிச்ச வட்டமும்தான். கண்ணை எங்கே வைப்பது என்று பழகுவதற்குள் பின்னால் நிற்பவன் முதுகில் தட்டுவான். அதே செலவில் நல்ல கைலென்ஸ் இருபது வாங்கினால் இரண்டு பேருக்கு ஒன்று வரும், பாடவேளை முழுக்கக் கையில் இருக்கும். எறும்பின் கொம்பு, செம்பருத்தியின் மகரந்தம், உப்புக்கல்லின் மூலை, தன் விரல் ரேகை எல்லாம் பார்ப்பார்கள். செல்லைப் பார்க்கக் கைலென்ஸ் போதாது என்பது உண்மை. அதற்குக் காகிதத்தில் மடித்துச் செய்கிற ஃபோல்ட்ஸ்கோப் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கி 2014இல் உலகுக்கு அறிவித்தது. சுமார் 140 மடங்கு பெரிதாக்கும். வெங்காயத் தோலின் செல்கள் நன்றாகவே தெரியும். பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் கீழே விழுந்தால் ஒன்றும் ஆகாது. பெரிய மைக்ரோஸ்கோப் ஏற்கெனவே பள்ளியில் இருக்கிறது என்றால், இன்னொன்று வாங்காமல் அதற்குப் பொருளை வைத்துப் பார்க்கும் கண்ணாடி வில்லைகள் (ஸ்லைடு), அதன்மேல் மூடும் மெல்லிய மூடுவில்லைகள், மாற்று பல்பு, லென்ஸ் துடைக்கும் காகிதம் வாங்கிக் கொடுங்கள். பல பள்ளிகளில் மைக்ரோஸ்கோப் சும்மா நிற்பதற்குக் காரணம் மூடுவில்லை தீர்ந்துபோனதுதான்.

இனி, பொருள் கொடுத்தால் படிப்பு உயருமா என்ற பகுதி. இதில் உறுதியானதையும் சந்தேகத்துக்குரியதையும் பிரித்தே சொல்ல வேண்டும். பொருள் மட்டும் வந்தால் மதிப்பெண் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கென்யாவில் 178 பள்ளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பள்ளிகளுக்கு மட்டும் அறிவியல், கணிதம் உள்ளிட்ட பாடங்களுக்கான படத்தாள் தொகுப்புகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2004இல் முடிவு வெளியானது. தேர்வு மதிப்பெண்ணில் வித்தியாசமே இல்லை. ஆனால் ஏற்கெனவே படத்தாள் இருக்கும் பள்ளிகளையும் இல்லாத பள்ளிகளையும் சாதாரணமாக ஒப்பிட்டபோது பெரிய பலன் இருப்பதுபோலத் தெரிந்திருக்கிறது. காரணம் எளிது: அக்கறையுள்ள பள்ளிதான் படத்தாளும் வாங்கி வைத்திருக்கும். "நாங்கள் பொருள் கொடுத்த பள்ளி நன்றாக முன்னேறியது" என்று அமைப்புகள் காட்டும் கணக்குகளைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஒன்றுபட்ட ஆந்திராவில் நடந்த இன்னோர் ஆய்வும் உங்களுக்கு உதவும். பள்ளிக்கு எதிர்பாராமல் பொருளுதவி வந்த முதல் வருஷம் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது. அடுத்த வருஷம் உதவி வரும் என்று தெரிந்ததும் பெற்றோர் தாங்கள் செய்கிற செலவைக் குறைத்துக்கொண்டார்கள், பலன் காணாமல் போனது. நோட்டு, பேனா போன்றவற்றுக்கு இது பொருந்தும். ஆனால் எந்த வீட்டிலும் பிள்ளைக்காகக் காந்தமோ டார்ச் பல்போ லென்ஸோ வாங்குவதில்லை. அதனால் அறிவியல் பொருட்களில் இந்தக் குறைவு நடக்காது என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான், அந்த ஆய்வு சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் அனுபவத்தோடு அச்சாகப் பொருந்தியது இங்கிலாந்தில் இயன் ஆபிரகாம்ஸும் ராபின் மில்லரும் 25 செய்முறை வகுப்புகளை நேரில் கவனித்து 2008இல் எழுதியது. பிள்ளைகள் கருவியை வைத்துச் சொன்னதைச் செய்துவிடுகிறார்கள், செய்ததன் பின்னால் இருக்கும் கருத்தைப் பற்றி யோசிப்பதுதான் குறைவு என்று கண்டார்கள். கை வேலை செய்யும்போது மூளையும் சேர்ந்து வேலை செய்ய வைப்பது ஆசிரியரின் கேள்வி. ஒரே ஒரு கம்பியைக் கொடுத்து "எரிய வை" என்றது ஒரு கேள்வி. கம்பியும் ஹோல்டரும் படமும் கொடுத்து "இப்படி இணை" என்றிருந்தால் பத்தே நிமிஷத்தில் எல்லாப் பல்பும் எரிந்திருக்கும், இரண்டு வாய் யாருக்கும் தெரிந்திருக்காது. எல்லாமே வெட்டி, துளை போட்டு, எண் ஒட்டித் தயாராக வருகிற விலை உயர்ந்த கிட்களில் எனக்கு இருக்கும் தயக்கம் இதனால்தான். சில நல்ல கிட்களும் உண்டு, மொத்தமாகத் தள்ளிவிட மாட்டேன்.

நம் நாட்டிலேயே இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 கிராமப்புற நடுநிலைப்பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவி, 2002 வரை நடந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் சோதனைப் பொருட்கள் போனது மட்டும் அல்ல. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, மாதாமாதம் கூடிப் பேச ஒரு கூட்டம், தீர்ந்த பொருளை நிரப்ப ஏற்பாடு, புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு, தேர்விலேயே செய்முறை என்று எல்லாமே சேர்ந்து இருந்தது. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து வடிவியல் உருவங்கள் செய்ய அர்விந்த் குப்தா கற்றுக்கொடுக்கத் தொடங்கியதும் அந்தத் திட்டத்தோடு சேர்ந்து வேலை செய்த நாட்களில்தான். அறுபதாயிரம் ரூபாயால் அவ்வளவும் செய்ய முடியாது. ஆனால் நிரப்புகிற ஏற்பாடு ஒன்றை உங்களால் செய்ய முடியும். நன்கொடைகளில் எப்போதும் விட்டுப்போவதும் அதுதான்.

அதனால் பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். இந்த ஜூனில் ஒரு பங்கு, அடுத்த ஜூனில் ஒன்று, அதற்கடுத்த ஜூனில் ஒன்று. பேட்டரியை மூன்று வருஷத்துக்குச் சேர்த்து வாங்கினால் அந்தப் பெட்டியின் கதைதான். முதல் வருஷம் நீடித்து உழைப்பவற்றை வாங்குங்கள்: கைலென்ஸ், சட்டக் காந்தங்கள், ஆல்கஹால் வெப்பமானிகள், பிளாஸ்டிக் அளவு ஜாடிகள், சுருள்வில் தராசுகள், பத்து ஸ்டாப்வாட்ச். எல்லாம் இரண்டு பேருக்கோ நாலு பேருக்கோ ஒன்று வருகிற எண்ணிக்கையில் வாங்க வேண்டும். பத்து வகைப் பொருள் ஒவ்வொன்று வாங்குவதைவிட மூன்று வகைப் பொருள் இருபது இருபதாக வாங்குவது மேல். அடுத்த வருஷங்களில் தீர்ந்ததையும் உடைந்ததையும் நிரப்புங்கள்: பேட்டரி, பல்பு, கம்பி, அயோடின் கரைசல், லிட்மஸ் தாள், சோதனைக்குழாய், சொட்டுக்குழாய், பலூன், மெழுகுவர்த்தி. கிராமத்தில் சும்மா கிடைப்பதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஊதிப் பால்போல ஆக்க வெற்றிலைச் சுண்ணாம்பு போதும். அமிலம், காரம் பார்க்கச் செம்பருத்திச் சாறும் மஞ்சள் தடவிய தாளும் போதும். அவை பிள்ளைகள் வீட்டிலிருந்தே வரட்டும், அப்போதுதான் வீட்டில் போயும் செய்து பார்ப்பார்கள்.

எதையெல்லாம் தவிர்க்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாதரச வெப்பமானி வேண்டாம். உடைந்தால் மணிமணியாக ஓடும் பாதரசத்தைப் பிள்ளைகள் ஆசையாகக் கையில் உருட்டுவார்கள், அதன் ஆவி நஞ்சு. மூடிய கம்பெனியிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ வருகிற பழைய ரசாயனப் பாட்டில்கள், அடர் அமிலங்கள், ஃபார்மலினில் ஊறிய தவளைகள் எதுவும் வேண்டாம். சின்ன அளவிலான அதிசக்திக் காந்தங்கள் வேண்டாம். சின்னப் பிள்ளை இரண்டை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும். செல்போன் பேட்டரி போன்ற லித்தியம் பேட்டரிகள் கூடவே கூடாது. சாதாரண துத்தநாக-கார்பன் பேட்டரியின் இரு முனைகளையும் பிள்ளைகள் பல்பு இல்லாமல் கம்பியால் நேராக இணைத்துவிட்டாலும் கம்பி சூடாகும், பேட்டரி சீக்கிரம் தீரும், அவ்வளவோடு நிற்கும்.

ஸ்மார்ட் போர்டு பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்கு வேறு வழிகளில் பணம் வர வாய்ப்பு உண்டு. உங்கள் பணத்தை அதில் போட வேண்டாம் என்பது என் கருத்து.

வாங்குவதற்கு முன் ஒரு நாள் லீவு போட்டுப் பள்ளிக்குப் போங்கள். தலைமையாசிரியரைப் பார்த்துவிட்டு, அறிவியல் பாடம் எடுப்பவரிடம் அரைமணி நேரம் உட்காருங்கள். பீரோவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். குற்றம் கண்டுபிடிக்க இல்லை, உள்ளே இருப்பதை மறுபடி வாங்காமல் இருக்க. வானவில் மன்றத்திலிருந்து யார் வருகிறார்கள், என்ன கொண்டுவருகிறார்கள் என்றும் கேளுங்கள். 6 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கான அந்த நடமாடும் அறிவியல் திட்டம் 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கியது. அவர்கள் வந்து செய்து காட்டிவிட்டுப் போன சோதனையை மறுநாள் பிள்ளைகளே திரும்பச் செய்யப் பொருள் இருந்தால் இரண்டுக்கும் பலன். நன்கொடையைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அதில் பெற்றோரும் இருக்கிறார்கள், பொருள் வந்தது ஊருக்கும் தெரியும். பெரிய தொகை என்றால் 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்ற நன்கொடைத் திட்டம் வழியாகவும் கொடுக்கலாம்.

கூடவே உங்கள் செட் பெயரில் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். "இவை பிள்ளைகள் கையாளுவதற்காகத் தரப்படுகின்றன, உடைவதும் தீர்வதும் எங்களுக்குச் சம்மதம், ஒவ்வோர் ஆண்டும் தீர்ந்தவற்றின் பட்டியல் தந்தால் நிரப்பித் தருகிறோம்" என்று நாலு வரி போதும். அந்தக் கடிதம் பதிவேட்டில் ஒட்டப்பட்டு இருந்தால் ஆசிரியருக்குக் கிடைக்கும் தைரியத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளியில் அப்படி வந்த முதல் வருஷப் பட்டியலில் "லென்ஸ் 3 உடைந்தது, வெப்பமானி 2 உடைந்தது, பேட்டரி எல்லாம் தீர்ந்தது" என்று இருந்தது. நன்கொடையாளர் வருத்தப்பட்டு எனக்கு போன் செய்தார். அந்த ஒன்றியத்திலேயே அதிகம் பயன்பட்ட பொருட்கள் அவை என்று அவரிடம் சொன்னேன்.

பல்பு வாங்கும்போது மட்டும் ஒரு கவனம். இப்போது டார்ச் எல்லாம் எல்.இ.டி. ஆகிவிட்டதால் கடைக்காரர் எல்.இ.டி.யைத்தான் எடுத்துக் கொடுப்பார். அது எட்டாம் வகுப்புக்கு நல்லது. ஆறாம் வகுப்புக்கு வேண்டாம்: வெள்ளை எல்.இ.டி. ஒரு பேட்டரியில் எரியாது, அதன் இரண்டு கால்களை மாற்றி இணைத்தாலும் எரியாது, எதனால் எரியவில்லை என்று பிள்ளைக்குப் பிடிபடாது. இழை உள்ள பழைய டார்ச் பல்பு, 2.5 வோல்ட், பழைய எலக்ட்ரிக்கல் கடைகளில் கேட்டால் இன்னும் கிடைக்கிறது. ஒரு பேட்டரியில் மங்கலாகவும் இரண்டு பேட்டரியில் பளிச்சென்றும் எரியும். நூறு வாங்குங்கள். ஹோல்டர் வாங்க வேண்டாம். அது அந்த இரண்டு வாயையும் மூடி மறைத்துவிடும்.